கடை நிலைக்க வேண்டுமா? கடையில் நிற்பவரை நிலைக்க வையுங்கள்!

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் ஒரு பக்கம் கல்லாவில் அமர்ந்து கடை நடத்துபவர்கள் இருக்கிறீர்கள். மறுபக்கம் அந்தக் கல்லாவுக்கு முன்னால் நின்று வேலை செய்பவர்கள், வேலை தேடுபவர்கள், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு விசாவுக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். வழக்கமாக என்ன நடக்கும்? வணிகர்கள் கூடினால் ‘நல்ல ஆள் கிடைப்பதில்லை’ என்று பேசுவார்கள். இளைஞர்கள் கூடினால் ‘நல்ல முதலாளி கிடைப்பதில்லை’ என்று பேசுவார்கள். இரண்டு பேச்சுக்கும் கைதட்டல் கிடைக்கும். கூட்டம் கலையும். மறுநாள் காலையில் அதே கடை, அதே புலம்பல்!

இன்று இரு தரப்பாரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே இருவருக்கும் பொதுவான ஒரு செய்தியைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். முதலாளியின் பாதுகாப்பும் தொழிலாளியின் பாதுகாப்பும் ஒரே பேரேட்டில் எழுதப்படுகின்றன. அவன் பக்கம் காலியாக இருந்தால் உங்கள் பக்கமும் நாளாவட்டத்தில் காலியாகும். இது உபதேசம் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

நம் கையில் இருக்கும் வேலைகள்

அரசு வேலையில் நம் பங்கு குறைவு என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கியதில் நியாயம் இருக்கிறது. போராடியதன் பலனாக 2007-ஆம் ஆண்டு தமிழகத்தில் 3.5 சதவீத உள் ஒதுக்கீடும் கிடைத்தது. ஆனால் நம்மில் எத்தனை பேர் அரசு வேலையை நம்பி வாழ்கிறோம்? நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையிலான குழு 2006-இல் அளித்த அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். மற்ற சமூகங்களைவிட முஸ்லிம்களில் சொந்தத் தொழில் செய்வோர் விகிதம் அதிகம் என்கிறது அந்த அறிக்கை. சம்பளத்துக்குப் போகும் முஸ்லிம்களில் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தமோ சமூகப் பாதுகாப்போ இல்லாதவர்கள் அதிகம் என்றும் சொல்கிறது.

இதன் பொருள் என்ன? நம் சமுதாயத்தின் வாழ்க்கை பெரும்பாலும் நம் கடைகளிலும், பட்டறைகளிலும், உணவகங்களிலும், தோல் தொழிற்கூடங்களிலும்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே வேலை கொடுப்பவரும் நாம்தான். வேலை செய்பவர்களில் பெரும்பகுதியும் நாம்தான். அரசிடம் நியாயம் கேட்கும் நாம், நம் கையில் இருக்கும் வேலைகளில் எந்த அளவுக்கு நியாயமாக இருக்கிறோம்? இந்தக் கேள்வியை யாரும் வெளியிலிருந்து வந்து கேட்க வேண்டியதில்லை. நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கல்லாவில் இருப்பவர்களுக்கு

வணிகச் சகோதரர்களே! உங்கள் கடை நன்றாக நடக்கிறதா என்று அறிய ஒரு சோதனை சொல்கிறேன். நீங்கள் ஹஜ்ஜுக்குப் போகிறீர்கள். ஹஜ் கமிட்டி வழியாகப் போனால் போய்வர ஏறத்தாழ 40 நாட்கள் ஆகும். அந்த 40 நாட்களும் கடை திறந்திருக்குமா? கொள்முதல் நடக்குமா? வங்கியில் பணம் கட்டப்படுமா? வரவேண்டிய பாக்கி வசூலாகுமா? அரஃபா மைதானத்தில் நின்றுகொண்டு ‘சாவி யாரிடம் இருக்கிறது?’ என்று நினைக்கும் நிலை வந்தால், உங்களிடம் கடை இல்லை, ஒரு ஆள் வேலைதான் இருக்கிறது என்று பொருள். அந்த ஒரு ஆள் நீங்களே! நீங்கள் காய்ச்சலில் படுத்தால் கடையும் படுத்துவிடும்.

ஏன் இப்படி ஆகிறது? எல்லாவற்றையும் நாமே பார்த்தால்தான் நடக்கும் என்ற எண்ணம் நமக்குள் வேரூன்றிவிட்டது. யாரையும் நம்ப முடியவில்லை என்கிறோம். நம்பிக்கை வேறு, கணக்கு வேறு. கணக்கு ஒழுங்காக இருந்தால் நம்பிக்கை தானாக வளரும். விற்பவர் ஒருவர், பணம் வாங்குபவர் ஒருவர், சரக்கு இருப்பை எண்ணுபவர் ஒருவர் என்று பிரித்து வையுங்கள். மூன்றையும் ஒருவரிடமே கொடுத்துவிட்டுப் பிறகு அவர்மீது சந்தேகப்படுவது அவருக்குச் செய்யும் அநீதி. நல்லவரைக்கூடச் சோதனையில் தள்ளும் ஏற்பாடு அது. ஒவ்வொரு இரவும் கல்லாவை எண்ணி இருவர் கையெழுத்துப் போட்டால், காணாமல் போன நூறு ரூபாய்க்காகக் கடைப் பையன் எவனும் அவமானப்பட வேண்டியதில்லை.

அடுத்தது வேலை நேரம். காலை 9 மணிக்கு வந்த பையன் இரவு 10 மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டுப் போகிறான். இடையில் உட்கார இடமில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இலேயே வந்துவிட்டது. நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை, வாரம் ஒரு நாள் விடுமுறை என்கிறது அது. கடையில் நிற்பவர்கள் அமர இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் அதே சட்டத்தில் திருத்தம் வந்தது. சட்டம் போட்டுத்தான் ஒரு முக்காலியைக் கொடுக்க வேண்டுமா? நாள் முழுவதும் நின்று கால் வீங்கியவன் மாலை 7 மணிக்கு வரும் வாடிக்கையாளரைச் சிரித்த முகத்தோடு வரவேற்பானா? உங்கள் வியாபாரமோ அந்த 7 மணிக்குத்தான் சூடு பிடிக்கிறது!

வாடிக்கையாளர் முன்னிலையில் வேலைக்காரரைத் திட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ‘முதலாளி கண்டிப்பானவர்’ என்று பெயர் வாங்க நினைக்கிறோம். அந்த வாடிக்கையாளர் மனதில் பதிவது வேறு. ‘இந்தக் கடையில் ஆட்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்று நீங்களே விளம்பரம் செய்கிறீர்கள். தவறு கண்டால் கடை அடைத்தபின் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். நன்றாகச் செய்தால் எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். இதற்கு ஒரு காசு செலவில்லை.

சம்பளத் தேதி ஒன்றாக இருக்கட்டும். புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். ஒருவர் வேலையை விட்டு விலகினால் இரண்டு வேலை நாட்களுக்குள் அவர் கணக்கைத் தீர்க்க வேண்டும். நம் கடைகளில் என்ன நடக்கிறது? ‘அடுத்த வாரம் வா, பார்க்கலாம்’ என்று விலகியவனை அலைய விடுகிறோம். இன்னொரு பக்கம், தேவைக்கு முன்பணம் கொடுத்து அதையே கயிறாக மாற்றி ஆளைக் கட்டிப்போடுகிறோம். கயிற்றில் கட்டிய ஆள் கை வேலை செய்வான். மனது வேலை செய்யாது. கூலியைத் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும் என்று சிறு வயதிலிருந்தே மதரஸாவில் படித்தவர்கள் நாம். படித்தது கல்லாவுக்கு வரும்போது மறந்துபோகலாமா?

மாதம் 625 ரூபாய்

இப்போது கணக்குக்கு வருகிறேன். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில், ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணிசெய்து விலகுபவருக்குப் பணிக்கொடை தர வேண்டும். 1972-இல் தனிச் சட்டமாக வந்தது இது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இப்போது அடங்கியிருக்கிறது. கணக்கு எளிமையானது. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கான பணிக்கொடை வரும்.

ஒருவருடைய சம்பளம் 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26-ஆல் வகுத்தால் 500. பதினைந்து நாளைக்கு 7,500. பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தவருக்கு 90,000 ரூபாய். திடீரென்று ஒரு நாள் 90,000 ரூபாயை எடுத்து வை என்றால் எந்த வியாபாரிக்கும் மூச்சு முட்டும். அதனால்தான் பலர் ஐந்தாம் ஆண்டு நெருங்கும்போது ஆளையே மாற்றிவிடுகிறார்கள். தொழில் கற்ற ஆளை அனுப்பிவிட்டு, ஒன்றும் தெரியாத ஆளை எடுத்து, அவன் அளவுகோல் பிடிக்கக் கற்றுக்கொள்வதற்குள் எத்தனை மீட்டர் துணி வீணாகிறது? எத்தனை வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போகிறார்? அந்த நஷ்டத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. அதே 7,500 ரூபாயை மாதக் கணக்கில் பிரித்துப் பாருங்கள். மாதம் 625 ரூபாய்! சம்பளம் ஏற ஏற அதற்கேற்பக் கொஞ்சம் கூட்டி, தனியாக ஒதுக்கி வைத்தால் அன்றைக்குக் கண்ணீரும் இல்லை, கடனும் இல்லை.

10 பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. 2019 ஜூலையில் நிர்ணயித்தபடி தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். கடைப் பையனின் தாயாருக்கு அறுவைச் சிகிச்சை என்றால் அவன் யாரிடம் வந்து நிற்பான்? உங்களிடம்தான்! ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் துண்டு விரிக்க விடுவதைவிட மாதாமாதம் அந்தப் பங்கைக் கட்டிவிடுவது அவனுக்கும் கண்ணியம், உங்களுக்கும் நிம்மதி.

20 பேர் இருந்தால் வருங்கால வைப்பு நிதி உண்டு. பத்து ஆண்டுகள் சந்தா செலுத்திய தொழிலாளிக்கு 58 வயதில் ஓய்வூதியமும் வரும். ‘அதில் வட்டி சேருகிறதே’ என்று சிலர் தயங்குகிறார்கள். மார்க்கத்தில் பேணுதல் வேண்டியதுதான். ஐயமிருந்தால் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆனால் அந்த ஐயத்தைக் காரணம் காட்டித் தொழிலாளிக்குச் சேர வேண்டிய உங்கள் பங்கையே கட்டாமல் விடுவது எந்தப் பேணுதலில் சேரும்? வட்டியை விலக்க நினைப்பவர் முதலில் அடுத்தவர் உரிமையைத் தன் கல்லாவில் வைத்திருப்பதை விலக்க வேண்டும்.

பத்துப் பேருக்குக் குறைவாக வைத்திருப்பவர்கள் ‘நமக்கு இதெல்லாம் பொருந்தாது’ என்று எழுந்துவிடாதீர்கள். சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாமல் இருக்கலாம். மாதம் 625 ரூபாயை ஒதுக்கி வைப்பதைச் சட்டம் தடுக்கவும் இல்லை.

இரண்டாம் ஆளுக்குப் பங்கு

‘தொழில் கற்றுக் கொடுத்தால் பக்கத்திலேயே கடை போட்டுவிடுகிறான்’ என்பது நம் வணிகர்களின் பெரிய மனக்குறை. சிந்தித்துப் பாருங்கள். பதினைந்து ஆண்டுகள் உங்களிடம் இருந்தவன் ஏன் வெளியே போகிறான்? உள்ளே அவனுக்கு மேலே ஏறப் படியில்லை. அவன் சேர்ந்த நாளிலும் கடைப் பையன்தான். தலை நரைத்த நாளிலும் கடைப் பையன்தான்!

இதற்கு நம் மரபிலேயே வழி இருக்கிறது. ஒருவர் முதல், மற்றவர் உழைப்பு, இலாபத்தில் பேசிய விகிதப்படி இருவருக்கும் பங்கு என்பதுதான் முளாரபா. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் முதலைக் கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வாணிபம் செய்தார்கள் என்பதை நாம் அனைவரும் அறிவோம். இந்த முறையில் விகிதத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். மாதம் இவ்வளவு ரூபாய் என்று இலாபத்தை நிர்ணயிக்கக் கூடாது. நஷ்டம் வந்தால் முதல் போட்டவருக்கு முதல் போகும், உழைத்தவருக்கு உழைப்புப் போகும். இரண்டாவது கிளை திறக்க நினைக்கும் வணிகர்களே! அந்தக் கிளையை உங்கள் பழைய ஆளிடம் இந்த முறையில் ஒப்படைத்துப் பாருங்கள். எதிர்க்கடை முதலாளியாகப் போக இருந்தவர் உங்கள் கூட்டாளியாக நிற்பார்.

வாய்ப்பேச்சில் நிற்கும் கடைகள்

அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்தும் கடைகள் நம்மில் ஏராளம். வாப்பா இருக்கும்வரை எல்லாம் சரியாக இருக்கும். வாப்பா கண்மூடினால் ஒரே ஆண்டில் கடைக்கு நடுவே சுவர் எழும்பும். அண்ணன் மகனும் தம்பி மகனும் பெருநாள் தொழுகையில்கூடக் கை கொடுக்க மாட்டார்கள். ஏன்? யாருடைய முதல் எவ்வளவு, யாருக்குச் சம்பளம், யாருக்குப் பங்கு என்று ஒரு தாளிலும் எழுதியிருக்காது. ‘நமக்குள் என்ன எழுத்து?’ என்ற ஒரு வார்த்தை எத்தனை குடும்பங்களைப் பிரித்திருக்கிறது!

திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் எது? இரண்டாம் அத்தியாயத்தின் 282-ஆவது வசனம். அது பேசுவது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றித்தான். நாம் அதை ஓதுகிறோம். பிறகு கடைக்கு வந்து வாய்ப்பேச்சில் இலட்சங்களைக் கைமாற்றுகிறோம்.

நாட்டின் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், கூட்டாளி ஒருவர் இறந்ததும் கூட்டு நிறுவனமே கலைந்துவிடும். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், ஒப்பந்தப்படி தனக்கு வரவேண்டிய பாக்கிக்காக வெளியார் மீது வழக்குத் தொடுக்கவும் முடியாது. இதைத் தெரிந்துகொண்டே பாக்கி வைப்பவர்கள் சந்தையில் இருக்கிறார்கள்! கூட்டாண்மைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய ஆகும் செலவு, ஒரு வழக்கின் முதல் வாய்தாச் செலவுக்குக்கூடக் காணாது.

இளைஞர்களே, உங்களுக்கு!

இதுவரை முதலாளிகளைப் பார்த்துப் பேசியபோது கைதட்டிய இளைஞர்களே! இப்போது உங்கள் முறை.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஐந்து ஆண்டுகள் சம்பாதிக்கும் காலத்தைவிடக் கற்கும் காலம் என்று கருதுங்கள். ஜவுளிக் கடையில் நிற்கிறீர்களா? துணியை விரித்துக் காட்டி மடித்து வைப்பதோடு நின்றுவிடாதீர்கள். சூரத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் எந்த மாதத்தில் எந்தச் சரக்கு என்ன விலைக்கு வருகிறது, கடனுக்கு வாங்கினால் எத்தனை நாள் தவணை, ஜி.எஸ்.டி. கணக்கை எப்படித் தாக்கல் செய்கிறார்கள் என்று கேளுங்கள். சொல்லித் தராவிட்டால் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்று ஆறு மாதத்துக்கு ஒரு கடை மாறுபவன் முப்பது வயதிலும் புது ஆளாகவே இருப்பான்.

நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, அனுபவச் சான்று ஆகிய மூன்றையும் மரியாதையோடு கேட்டு வாங்குங்கள். வைப்பு நிதிக்கான யு.ஏ.என். எண்ணைக் குறித்து வையுங்கள். வேலை மாறினாலும் அந்த எண் மாறாது. ஒவ்வொரு முறை வேலை மாறும்போதும் உள்ள பணத்தை எடுத்துச் செலவழித்துவிட்டு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்காதீர்கள். ஓய்வூதியத்துக்கான பத்து ஆண்டுக் கணக்கும் அதோடு அறுந்துவிடும்.

வேலை செய்யும் கடையை அமானத்தாகக் கருதுங்கள். நேரத்துக்கு வராதவனுக்கும், செல்போனில் மூழ்கிக் கிடப்பவனுக்கும் பங்கு தர எந்த முதலாளியும் முன்வர மாட்டார். உரிமையைக் கேட்கும் நாக்குக்குக் கடமையைச் செய்த கைதான் துணை.

கடலுக்கு அப்பால்

வளைகுடா செல்லும் சகோதரர்களே! 1990 ஆகஸ்டில் ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தபோது என்ன நடந்தது? ஒரு இலட்சத்து எழுபதாயிரம் பேர் அளவில் இந்தியர்கள் விமானங்களில் மீட்டுவரப்பட்டார்கள். பலர் உடுத்திய துணியோடு வந்தார்கள். 2013-இல் சவூதியில் நிதாகத் கெடுபிடி வந்தது. ஆயிரக்கணக்கானோர் பெட்டியைக் கட்டினார்கள். 2020-இல் கொரோனா வந்தது. சிறப்பு விமானங்களில் மீண்டும் ஒரு பெரும் கூட்டம் திரும்பியது. முப்பது ஆண்டுகளில் மூன்று முறை அந்தக் கதவு நம் முகத்தில் சாத்தப்பட்டிருக்கிறது. நாலாவது முறை சாத்தாது என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

ஆகவே விமானம் ஏறுமுன் கையில் ஒரு தொழில் இருக்கட்டும். ஐ.டி.ஐ.யில் படித்து மின்பணியாளர், குளிர்சாதனப் பழுதுபார்ப்பு என்று சான்றிதழோடு போகிறவருக்குக் கிடைக்கும் இடம் வேறு. எதற்கும் தயார் என்று வெறுங்கையோடு போகிறவருக்குக் கிடைக்கும் இடம் வேறு. ஒப்பந்தத்தில் மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் பணி முடிவுத் தொகை அந்த அடிப்படைச் சம்பளத்தின் மீதுதான் கணக்கிடப்படுகிறது. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்குப் பிறகு ஆண்டுக்கு 30 நாள் சம்பளம்.

மொத்தச் சம்பளம் 3,000 திர்ஹம் என்று சொல்லி அழைத்துப் போகிறார்கள். அடிப்படை 1,500-தான். அப்படியானால் நாளொன்றுக்கு 50 திர்ஹம். பத்து ஆண்டுகளுக்கு முதல் பாதியில் 105 நாள், பின்பாதியில் 150 நாள், ஆக 255 நாள். தொகை 12,750 திர்ஹம். பத்து ஆண்டு இளமைக்குக் கைக்கு வரும் கடைசித் தொகை இவ்வளவுதான்! மொத்தச் சம்பளத்துக்குக் கணக்குப் போட்டு 25,000 வரும் என்று கனவு கண்டவர் திகைத்து நிற்பார். இந்தக் கணக்கைப் போகும்போதே போட்டுவிட்டால், மாதாமாதம் எவ்வளவு சேமிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

சவூதியில் வேறு விதி. தாமாக இராஜினாமா செய்பவருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் ஒன்றும் இல்லை. இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுவரை மூன்றில் ஒரு பங்கு, ஐந்திலிருந்து பத்துவரை மூன்றில் இரண்டு பங்கு, பத்து நிறைந்தால்தான் முழுத் தொகை. கோபத்தில் ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் எவ்வளவு இழந்தார்கள் என்பது ஊருக்கு வந்தபின்தான் தெரிகிறது.

வீடு கட்டினோம், வருமானம் கட்டினோமா?

அனுப்பிய பணம் எங்கே போகிறது? முதலில் தங்கையின் திருமணம். பிறகு வீடு. பக்கத்து வீட்டில் இரண்டு மாடி என்றால் நமக்கு மூன்று மாடி. அவர் கிரானைட் போட்டால் நாம் மார்பிள். கட்டி முடிக்கும்போது நாற்பது வயது. அந்த வீட்டில் தூங்குவது ஆண்டுக்கு ஒரு மாதம்! வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டுகிற பணத்தில் ஒரு பகுதி தெருவைப் பார்த்து ஒரு சிறு கடையாகவோ, வாடகை வரும் ஓர் அறையாகவோ மாறட்டும் என்கிறேன். மார்பிள் தரை மாதம் ஒரு ரூபாயும் தராது.

சேமிப்புக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் ஆறு மாத வீட்டுச் செலவு, உடனே எடுக்கும்படி கையிருப்பில். இரண்டாவது, கைமாற்றாக வாங்கிய கடன்களை அடைப்பது. மூன்றாவது, தொழிலுக்கான முதல். நான்காவதாகத்தான் ஆடம்பரம். நம்மில் பலர் நான்காவதிலிருந்து தொடங்கி முதலாவதுக்கு வராமலேயே திரும்பி வந்துவிடுகிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ‘வட்டியில்லா ஹலால் முதலீடு, மாதாமாதம் நிச்சய இலாபம்’ என்று யாராவது வந்தால் எழுந்து ஓடுங்கள். வியாபாரத்தில் நிச்சய இலாபம் ஏது? 2019-இல் பெங்களூரில் இப்படி மார்க்கத்தின் பெயரால் பணம் திரட்டிய நிறுவனம் சரிந்தபோது, பல்லாயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் சேமிப்பை இழந்து வீதிக்கு வந்தன. தாடியைப் பார்த்தும் தொப்பியைப் பார்த்தும் பணம் கொடுக்காதீர்கள். கணக்கைப் பார்த்துக் கொடுங்கள்.

வீட்டிலுள்ள பெண்களுக்கும் கணக்கைச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கு எங்கே, யாருக்குக் கடன் கொடுத்தோம், யாரிடம் வாங்கினோம், பத்திரம் எந்தப் பெட்டியில் என்று மனைவிக்குத் தெரியாத வீடுகள் எத்தனை! கணவர் திடீரென மவுத்தானால், இத்தா முடிந்த மறுநாள் அந்தப் பெண் யார் யார் வீட்டு வாசலில் போய் நிற்பாள்? வேலைக்குப் போகும் எல்லோரும் வைப்பு நிதிக்கும் வங்கிக் கணக்குக்கும் வாரிசு நியமனம் செய்திருக்கிறோமா என்று இன்றிரவே பாருங்கள்.

இந்த மாதமே!

சகோதரர்களே! கூட்டம் முடிந்து கலைந்து போகும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும். ஆகவே வேலையைப் பங்கிட்டுத் தருகிறேன்.

வணிகர்கள் இந்த மாதத்துக்குள் செய்ய வேண்டியவை மூன்று. கடையில் உள்ள ஒவ்வொருவரின் பெயர், சேர்ந்த தேதி, சம்பளம், அவருக்குச் சேர்ந்துவிட்ட பணிக்கொடை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். கூட்டுக் கடையானால் பத்திரத்தைத் தேடி எடுங்கள். இல்லையானால் எழுதுங்கள். உங்கள் இரண்டாம் ஆள் யார் என்று முடிவு செய்து, வாரம் ஒரு நாள் கடையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருங்கள். 40 நாளுக்கு அதுதான் ஒத்திகை.

இளைஞர்களுக்கும் மூன்று. உங்கள் வேலைக்கான தாள்களையெல்லாம் ஒரு கோப்பில் சேருங்கள். ஆறு மாதச் செலவு எவ்வளவு என்று கணக்குப் போட்டு முதல் மாதத்துக்கானதை ஒதுக்குங்கள். உங்கள் தொழிலில் உங்களுக்குத் தெரியாத ஒன்றை, தெரிந்த ஒருவரிடம் உட்கார்ந்து கற்கத் தொடங்குங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மஹல்லாவில் கணக்குத் தெரிந்தவர், சட்டம் தெரிந்தவர் இருவரை மாதம் ஒரு மாலை பள்ளிவாசல் வளாகத்தில் அமர வையுங்கள். பத்திரம் எழுதவும், வைப்பு நிதிப் படிவம் நிரப்பவும், வெளிநாட்டு ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லவும் ஆளில்லாமல்தான் நம் மக்கள் பாதிப் பணத்தை இழக்கிறார்கள். திருமண மண்டபம் கட்டிய ஜமாஅத்துகளுக்கு இரண்டு நாற்காலியும் ஒரு மேசையும் போடுவது பாரமாகாது.

கடைப் பையன் என்று நாம் அழைக்கும் அந்தத் தம்பிக்கும் ஒரு வீடு இருக்கிறது. அங்கே அவனை ‘அத்தா’ என்று கூப்பிடப் பிள்ளைகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகுமா, அல்லது அதுவும் பன்னிரண்டு வயதில் ஏதோ ஒரு கடையின் ஷட்டருக்கு முன்னால் வந்து நிற்குமா என்பது, நம் கல்லாவில் மாதம் 625 ரூபாய் தனியாக எடுத்து வைக்கப்படுகிறதா என்பதைப் பொறுத்திருக்கிறது. வல்ல இறைவன் நம் தொழிலிலும் நம்மை நம்பி நிற்பவர்களின் வாழ்விலும் பரக்கத் செய்வானாக!